பைக் மீனா, பாஸ் மீனா? ஏரிக்குப் போக எந்த மாதம் நல்லது

"இந்த வருசம் ஒருநாளாவது ஏரிக்குப் போய் மீன் பிடிக்கவேணும்" என்ற பேச்சு கனடாவின் ரொறன்ரோ வட்டாரத்தில், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு வசந்தத்திலும் எழும். அப்புறம் வேலை, பிள்ளைகளின் வகுப்பு, கலியாண வீடு என்று நாள் ஓடிவிடும். கடைசியில் ஓகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில், எல்லாரும் போகிற கரைக்கே போய், வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்து, உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் இரண்டோடு திரும்பி வருவார்கள். ஏரியில் மீன் இல்லாமல் இல்லை. போன மாதம்தான் பிழை.

என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த ஏரி நல்லது?" என்றே தொடங்குவார்கள். நான் அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன்: படகு இருக்கிறதா, யார் யார் வருகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மாதம் தானாகவே தெரிந்துவிடும். மாதம் தெரிந்தால் எந்த மீன், எந்த இரை, எந்தக் கரை என்பதெல்லாம் அதன் பின்னால் வரும்.

இந்தக் கட்டுரையில் நான் மனதில் வைத்திருப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி. அதிலும் தெற்கு மூலையில் இருக்கும் குக்ஸ் பே என்ற ஆழம் குறைந்த, களை நிறைந்த குடா. 404 நெடுஞ்சாலை முடிகிற இடத்திலிருந்து கெஸிக் ஊர் கிட்டத்தான். ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். போர்ட் பெரி ஊரில் இருக்கும் ஸ்கூகொக் ஏரியும், அதற்கு அப்பால் உள்ள கவார்த்தா ஏரிகளும் இடையிடையே வரும். பிடிக்கப் பார்க்கும் நன்னீர் மீன்கள் பைக், பெரிய வாயுள்ள லார்ஜ்மவுத் பாஸ், சிறிய வாயுள்ள ஸ்மால்மவுத் பாஸ்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

சட்டம். இந்த ஏரிகள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தை மீன்பிடிக்காக 20 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிம்கோ 16ஆம் வலயம், ஸ்கூகொக்கும் கவார்த்தாவும் 17ஆம் வலயம். ஒவ்வொரு வலயத்திலும் ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பருவம் உண்டு. மூடிய பருவத்தில் "பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவேன்" என்று தூண்டில் போடுவதும் குற்றம்தான். நம்மவர்களில் பலர் இதை அறியாமலே மே மாதத்தில் பாஸ் மீனைத் தேடிப் போகிறார்கள்.

படகு. கரையிலிருந்து எட்டுமா, அல்லது படகு வேண்டுமா? செலவைத் தீர்மானிப்பது முக்கியமாக இதுதான்.

கூட வருபவர்கள். ஐந்து வயதுப் பிள்ளையால் மீன் கடிக்காமல் இரண்டு மணி நேரம் இருக்க முடியாது. அம்மம்மாவால் சறுக்கும் பாறையில் நிற்க முடியாது.

வெளியே தெரியாத செலவு. தூண்டில் விலையை எல்லாரும் கணக்குப் பார்ப்பார்கள். பார்க்கிங், படகு எரிபொருள், குளிர் உடுப்பு, பல்லால் அறுபட்டுப் போகும் இரைகள் எல்லாம் பிறகுதான் தெரியவரும்.

சட்டி. வீட்டுக்கு மீன் கொண்டுவர வேண்டுமா, பிடிக்கிற சந்தோசமே போதுமா?

லைசன்ஸ் எல்லாப் பருவத்துக்கும் பொது. ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அது தேவை. மூன்று வருடத்துக்குச் செல்லும் அவுட்டோர்ஸ் கார்ட் சுமார் 9 டொலர், ஒரு வருட ஸ்போர்ட் லைசன்ஸ் சுமார் 27, கொன்சர்வேஷன் லைசன்ஸ் சுமார் 15, இவற்றுக்கு மேல் வரி. கொன்சர்வேஷன் என்றால் நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீன் குறைவு: பைக்கும் பாஸும் தலா 2. ஸ்போர்ட்டில் தலா 6. வருடத்தில் ஒருமுறை போகிறவருக்கு கொன்சர்வேஷன் தாராளம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 18க்குக் குறைந்தவர்களுக்கும் லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருந்தால் சரி.

## ஒரே பார்வையில்

| | மே நடு – ஜூன் தொடக்கம் | ஜூன் கடைசி – ஓகஸ்ட் | செப்டெம்பர் கடைசி – நவம்பர் | ஜனவரி – பெப்ரவரி |
|---|---|---|---|---|
| முக்கிய மீன் | பைக் | லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் பாஸ் | பெரிய பைக், ஸ்மால்மவுத் | பைக், கூடவே பேர்ச் |
| படகு இல்லாமல் | நன்றாக முடியும் | ஓரளவு முடியும் | கடினம் | படகு தேவையில்லை, பனிக்கட்டி தேவை |
| சிறு பிள்ளைகள் | வேண்டாம் | மிக நல்லது | வேண்டாம் | சூடாக்கிய குடில் இருந்தால் |
| மறைந்த செலவு | கம்பி லீடர், பூச்சி, உண்ணி | பார்க்கிங், நெரிசல் | படகு, குளிர் | உடுப்பு, குடில் வாடகை |
| சட்டிக்கு | நல்லது | நல்லது | நல்லது | பேர்ச் மிக நல்லது |

படகும் இல்லை, பழகிய ஆளும் இல்லை, ஒரேயொரு பயணம்தான் என்றால் என் தேர்வு மே நடுப்பகுதி. பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஜூலை முதல் வாரம். மற்ற இரண்டும் அதற்கான ஆட்களுக்கு.

## மே நடு முதல் ஜூன் தொடக்கம் வரை: கரையிலிருந்து பைக்

பைக் நீளமான மீன். சீலா மீனின் உடல்வாகு, வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், உள்ளே ஊசிப் பற்கள். ஏரிப் பனி உருகிய கையோடு, தண்ணீர் இன்னும் 4 முதல் 11 பாகை வரை குளிர்ந்திருக்கும்போதே கரையோரப் புல்லிலும் களையிலும் முட்டையிடும். மே இரண்டாம் வாரத்தில் முட்டையிட்டு முடிந்திருக்கும், ஆனால் ஆழத்துக்குத் திரும்பியிருக்காது. சூடேறும் ஆழமற்ற குடாக்களில் பசியோடு நிற்கும். வருடத்தில் பெரிய பைக் மீன் உங்கள் காலடிக்கு வரும் காலம் இது ஒன்றுதான். படகு இல்லாதவருக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடையாது.

16ஆம் வலயத்தில் பைக் பருவம் வழக்கமாக மே இரண்டாம் சனிக்கிழமை திறக்கும். அன்னையர் தினம் இரண்டாம் ஞாயிறு. அந்த ஞாயிறும் அதற்கு முந்திய சனியும் மாகாணம் முழுவதும் லைசன்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். இரண்டும் பெரும்பாலான வருடங்களில் ஒரே வார இறுதியில் வந்துவிடும். முதல்தடவை முயன்று பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு சதமும் லைசன்ஸ் செலவில்லாத நாள். அன்று கொன்சர்வேஷன் லைசன்ஸின் அளவுதான் பொருந்தும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

கவார்த்தா பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே பைக் பிற்பாடு வந்து சேர்ந்த மீன். அங்கே காலங்காலமாக இருக்கும், பைக்கைப் போலவே தோற்றமுள்ள மஸ்கி மீனோடு அது போட்டி போடுகிறது. அதனால் 17ஆம் வலயத்தில் பைக்குக்கு மூடிய பருவமே இல்லை.

எங்கே எறிவது? வெயில் நன்றாகப் படும் குடாவின் வடகரை, கறுப்புச் சேற்று அடி, சிற்றாறு ஏரியில் விழும் வாய். தண்ணீர் ஒரு மீற்றர் ஆழம் இருந்தாலே போதும். காலை ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும் என்றில்லை. மே மாதத்தில் மத்தியான வெயில் தண்ணீரை இரண்டு பாகை சூடாக்கிய பிறகுதான் மீன் துடிப்பாகும். ஸ்பூன் என்ற, கரண்டி வடிவச் சிவப்பு வெள்ளைத் தகட்டு இரை ஒன்றும் சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் ஒன்றும் போதும். மெதுவாகச் சுற்றுங்கள்.

பைக் இரையைத் துரத்திக்கொண்டு கரை வரை வரும். ஸ்பூன் உங்கள் சப்பாத்திலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் வந்ததும், அதன் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு தடி அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். பக்கச் செட்டைகள் மட்டும் படபடக்கும். கண் இரையையே பார்த்துக்கொண்டிருக்கும். புதியவர்கள் பதறி இரையைத் தூக்கிவிடுவார்கள். தூக்க வேண்டாம். தூண்டில் தடியின் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, இரையைப் பக்கவாட்டில் ஒரு வளைவு இழுங்கள். பல கடிகள் அந்தக் கடைசி மீற்றரில்தான் விழும்.

இனிச் செலவு. வெறும் தங்கூசியில் இரையைக் கட்டினால் பைக்கின் பல் ஒரே வெட்டில் அறுத்துவிடும். இரையும் போகும், வாயில் கொக்கியோடு மீனும் போகும். அந்த மீனுக்காகவாவது தங்கூசிக்கும் இரைக்கும் நடுவே 30 சென்ரிமீற்றர் கம்பித் துண்டு (கம்பி லீடர்) ஒன்று கட்டாயம் போடுங்கள். சில டொலர்கள்தான். நீளமூக்குக் குறடும் வேண்டும். கையை வாய்க்குள் விட வேண்டாம்.

அடுத்து பூச்சி. மே கடைசியில் கறுப்பு ஈயும் நுளம்பும் கிளம்பும். கரைப் புல்லில் உண்ணி இருக்கும். லைம் நோய் அதனால்தான் வருகிறது. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்ததும் உடலைப் பாருங்கள். தண்ணீர் இன்னும் கடுங்குளிர் என்பதால், சிறு பிள்ளைகளைப் பாறைக் கரைக்குக் கூட்டிப்போக நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மே கடைசியிலும் ஜூனிலும் தண்ணீர் 15 பாகையைத் தாண்டும்போது பாஸ் கூடு கட்டும். ஆண் மீன் வாலால் அடி மண்ணைப் பெருக்கி வட்டமாகச் சுத்தம் செய்யும். கரையிலிருந்தே வெளிறிய வட்டமாகத் தெரியும். பெண் முட்டையிட்டுப் போனபின் ஆண்தான் காவல். இரவும் பகலும் அதன் மேலேயே நிற்கும், கிட்டத்தட்டப் பட்டினியாக. கிட்டே வருவது எதுவானாலும் பாய்ந்து கடிக்கும். அதனால்தான் அப்போது அதைப் பிடிப்பது அவ்வளவு சுலபம். அந்த ஆணை இரண்டு நிமிடம் வெளியே எடுத்தாலே, சுற்றி நிற்கும் சன்ஃபிஷும் பேர்ச்சும் கோபி என்ற சிறு மீனும் முட்டைகளைக் காலி செய்துவிடும். வெளியிலிருந்து வந்த கோபி இப்போது சிம்கோவில் பரவியிருக்கிறது, முட்டை தின்பதில் பொல்லாதது. பாஸ் பருவம் ஜூன் பிற்பாதி வரை மூடியிருப்பதற்குக் காரணம் இதுதான். பைக் தேடும்போது வெளிறிய வட்டங்கள் கண்ணில் பட்டால் நூறு அடி தள்ளிப் போய் எறியுங்கள். தற்செயலாகப் பாஸ் கொழுவினால் படம் எடுக்கக்கூட நிற்காமல் உடனே விடுங்கள்.

யாருக்கு: படகில்லாத பெரியவர்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள், நடக்கத் தயங்காதவர்கள்.

## ஜூன் கடைசி முதல் ஓகஸ்ட் வரை: பாஸும் பிள்ளைகளும்

பாஸ் பருவம் 17ஆம் வலயத்தில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை திறக்கும், 16ஆம் வலயத்தில் நான்காம் சனிக்கிழமை. ஒரு வாரம்தான் வித்தியாசம் என்றாலும், ஸ்கூகொக்கில் பிடிக்கலாம், சிம்கோவில் முடியாது என்ற நிலை அந்த வாரத்தில் வரும். தந்தையர் தின வார இறுதியும், கனடா தினத்தை ஒட்டிய குடும்ப மீன்பிடி வாரமும் லைசன்ஸ் தேவையில்லாத நாட்கள். கனடா தின வாரத்தில் பள்ளியும் முடிந்திருக்கும். பிள்ளைகளோடு போக இதைவிடப் பொருத்தமான வாரம் வருடத்தில் இல்லை.

தூண்டில் வாங்கக்கூடத் தேவையில்லை. ஒன்ராறியோ மீன்பிடிப்போர் வேட்டைக்காரர் கூட்டமைப்பு நடத்தும் டக்கிள்ஷெயர் திட்டத்தில், பல மாகாணப் பூங்காக்களிலும் நூலகங்களிலும் தூண்டிலை இலவசமாக இரவல் தருகிறார்கள். நூலகப் புத்தகம் எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டு போய், திருப்பிக் கொடுத்துவிடலாம். போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு பாஸ் பற்றிப் பேசாதீர்கள். ஒரு தக்கை, சிறிய கொக்கி, அரை மண்புழு. இறங்குதுறையின் நிழலில் போட்டால் சன்ஃபிஷும் ரொக் பாஸும் கடித்துக்கொண்டே இருக்கும். தக்கை அமிழ்வதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிள்ளை அடுத்த வருடமும் வரும். மிஞ்சிய புழுக்களைக் கரையில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள், அந்தப் புழு இந்தக் காட்டு மண்ணுக்கு உரியதல்ல.

பெரியவர்களுக்கு லார்ஜ்மவுத். களை, அல்லி இலை, இறங்குதுறையின் அடி, விழுந்த மரம்: நிழல் இருக்கும் இடத்தில் அது இருக்கும். சராசரி ஆழம் ஒன்றரை மீற்றரைக்கூட எட்டாத ஸ்கூகொக் முழுவதுமே அதற்கு வீடு மாதிரி. மென்மையான செயற்கைப் புழுவின் நடுவில் கொக்கியைக் குத்தி, ஈயம் போடாமல் எறிந்து, அது தானாக அமிழ விடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் வித்தை. நூல் பக்கவாட்டில் நகர்ந்தால் கடித்துவிட்டது. ஸ்மால்மவுத் வேண்டுமென்றால் சிம்கோவின் கற்பாறை அடி, தெளிந்த தண்ணீர், கொஞ்சம் ஆழம். அதற்குப் படகு இருந்தால்தான் நல்லது.

இந்தப் பருவத்தின் பெரிய செலவு பார்க்கிங். ஏரிக்கரை ஊர்கள் பலவற்றில் வெளியூர் வாகனங்களுக்குத் தனிக்கட்டணம், தெருவோரம் நிறுத்தினால் தண்டம். சிபால்ட் பொயின்ட் போன்ற மாகாணப் பூங்காக்களில் கோடை வார இறுதிக்கு நாள் அனுமதியை முன்பே பதிவுசெய்யாமல் போனால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடியுமானால் வார நாளில் போங்கள். முடியாவிட்டால் காலை எட்டு மணிக்குள் கரையில் நில்லுங்கள், பத்து மணிக்கு ஜெட்ஸ்கி சத்தம் தொடங்கிவிடும்.

படகு வாடகைக்கு எடுப்பதானால், சிறிய அலுமினியப் படகும் மோட்டாரும் ஒரு நாளுக்கு 100 டொலருக்குக் கீழே கிடைப்பது அரிது, எரிபொருள் வேறு. மோட்டார் படகோட்ட அட்டை இல்லாதவர் வாடகைப் படகை ஓட்டலாம். படகுக்காரர் பாதுகாப்பு விபரங்களைச் சொல்லிக்கொடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கினால் அன்றைக்கு அதுவே அட்டை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி வேண்டும். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதும் என்று இருக்காமல் போட்டுக்கொண்டே இருங்கள்.

ஜூலை, ஓகஸ்டில் பைக் தேடிப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. மேல்தண்ணீர் 20 பாகையைத் தாண்டியதும் பெரிய பைக் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். கரையோரம் அகப்படுவது சிறியவை. அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது நிச்சயமில்லை.

யாருக்கு: பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், வயதானவர்கள், முதல்தடவை தூண்டில் பிடிப்பவர்கள்.

## செப்டெம்பர் கடைசி முதல் நவம்பர் வரை: பெரிய மீனுக்கு

வருடத்தின் கொழுத்த மீன்கள் இந்தப் பருவத்தில்தான். குளிர்காலம் வருமுன் பைக்கும் ஸ்மால்மவுத்தும் வயிறு முட்டத் தின்னும். சிம்கோ ஸ்மால்மவுத் கோபியைத் தின்று தின்று பந்துபோல் உருண்டிருக்கும். அதற்காகவே தூர இடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாஸ் பருவம் 16ஆம் வலயத்தில் நவம்பர் கடைசி வரையும், 17ஆம் வலயத்தில் டிசம்பர் நடுப்பகுதி வரையும் திறந்திருக்கும். பைக்கும் திறந்திருக்கும்.

ஆனால் கரையிலிருந்து இதெல்லாம் எட்டாது. ஸ்மால்மவுத் ஆழமான பாறை விளிம்புகளில் கூட்டமாக நிற்கும். பைக் இன்னும் பச்சையாக இருக்கும் களைத் திட்டுகளின் ஓரத்தில். மஞ்சளாகி அழுகும் களையில் மீன் இருக்காது, பச்சையைத் தேடிப் படகில் அலைய வேண்டும். நன்றிகூறல் வார இறுதிக்குப் பிறகு பல இடங்களில் வாடகைப் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். சொந்தப் படகோ, படகுள்ள நண்பரோ இல்லாவிட்டால் ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு இது உங்களுக்கான பருவம் அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஏரி முழுதும் கலங்கிப் புரளும். அந்த நாட்களில் மீன் எங்கே என்றே சொல்ல முடியாது. குக்ஸ் பே போன்ற ஆழமற்ற இடங்களில் இது சீக்கிரம் முடிந்துவிடும், சிம்கோவின் ஆழமான கெம்பன்ஃபெல்ட் குடாப் பக்கம் பிந்தும். கிழமைக் கணக்கில் விடுப்பு எடுத்து வருகிறவர் அந்த நாட்களில் மாட்டிக்கொண்டால் பாவம்.

நவம்பர்த் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். தனியாகப் போக வேண்டாம். படகைச் சொந்தமாக இழுத்துச் செல்பவர்கள், ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் தண்ணீரை வடித்து, ஒட்டிய களையைக் கழற்றுங்கள். 2022 முதல் இது ஒன்ராறியோவில் சட்டம்.

யாருக்கு: படகு உள்ளவர், ஏற்கெனவே பழகியவர், எண்ணிக்கையைவிட எடை பெரிதென்பவர்.

## ஜனவரி, பெப்ரவரி: பனிக்கட்டி மேல்

குளிர்காலத்தில் சிம்கோ ஏரி மேல் சிறு குடில்களின் ஊரே எழும்பும். ஆழம் குறைந்த குக்ஸ் பே முதலில் உறையும், பைக்கும் அங்கேதான். திறந்த தண்ணீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில் என்றால் பனிக்கட்டியில் பெரும்பாலும் இரண்டு அனுமதி. ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதைக் கொடி பொருத்திய டிப்-அப்பாகத் துளையில் வைக்கலாம். மீன் இழுத்தால் கொடி நிமிரும். தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்குள், அது கண்ணில் தெரியும்படி நிற்க வேண்டும்.

வாடகைக் குடில் எடுத்தால் கூட்டிப்போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், உள்ளே சூடு இருக்கும். பதிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "குடிலை எந்த மீனுக்கு வைக்கிறீர்கள்?" பெரும்பாலான குடில்கள் பேர்ச்சுக்கோ, ஆழத்து லேக் ட்ரவுட்டுக்கோ வைக்கப்படுபவை. பைக் ஆசையில் போனவர் அங்கே நாள் முழுக்க ஒரு பைக்கும் காணாமல் வரக்கூடும். பேர்ச்சும் ஏமாற்றமல்ல, எண்ணெயில் பொரித்தால் நான் சொன்ன மீன்களில் அதுதான் முதலிடம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நடக்கவே குறைந்தது 10 சென்ரிமீற்றர் தெளிந்த நீலப் பனிக்கட்டி வேண்டும். 15 இருந்தால் நிம்மதி. வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான், இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். 2024 தொடக்கத்தில் சிம்கோவில் பனிக்கட்டி சரியாகவே பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட வருடங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. முற்பணம் கட்டுமுன் பனி பிடிக்காவிட்டால் காசு திரும்ப வருமா என்று கேளுங்கள். நல்ல காலணியும் உடுப்பும் வீட்டில் இல்லையென்றால் அந்தச் செலவு குடில் வாடகையையும் தாண்டும்.

யாருக்கு: குளிர் உடுப்பு ஏற்கெனவே இருப்பவர்கள், நண்பர் கூட்டம், கோடையில் விடுப்புக் கிடைக்காதவர்கள்.

## எந்தப் பருவத்திலும்: பைக்கா, மஸ்கியா?

கவார்த்தாவிலும் ஸ்கூகொக்கிலும் பைக் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது மஸ்கியாக இருந்தால் பெரிய தண்டம். பைக்குக்குக் கடும்பச்சை உடலில் வெளிறிய புள்ளிகள். மஸ்கிக்கு வெளிறிய உடலில் கருங்கோடுகள் அல்லது கரும்புள்ளிகள். நிறத்தில் சந்தேகமானால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது அதற்குக் குறைந்த துளைகள் இருந்தால் பைக். ஆறும் அதற்கு மேலும் என்றால் மஸ்கி. கொன்சர்வேஷன் லைசன்ஸில் மஸ்கி ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. அப்போதும் சந்தேகம் தீரவில்லையா, விட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து பார்க்க வந்த உறவினர்களையும் கூட்டிப்போவீர்கள். லைசன்ஸ் இல்லாத வார இறுதிகள் கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்த மாமாவுக்கு அன்றும் வெளிநாட்டவருக்கான லைசன்ஸ் எடுக்க வேண்டும், வயது 65 தாண்டியிருந்தாலும். புதிதாக வந்து ஒன்ராறியோவில் ஆறு மாதம் ஆகாதவர்களும் உள்ளூர்க் கட்டணத்தில் எடுக்க முடியாது.

## சட்டிக்குக் கொண்டுவருவது

நம்மவர்கள் செய்யும் ஒரு வேலை, மீனை ஏரிக்கரையிலேயே தோல் உரித்துக் கறித்துண்டாக வெட்டி, பையில் கட்டிக்கொண்டு வருவது. வீட்டு மணத்தைத் தவிர்க்க நல்ல வழிதான், ஆனால் சட்டத்துக்கு ஒவ்வாது. வழியில் அதிகாரி நிறுத்தினால் எந்த மீன், எத்தனை மீன் என்று அவர் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். முழுதாகக் கொண்டுவாருங்கள். அல்லது பக்கச் சதையைச் சீவினாலும் அதில் தோலை விட்டுவையுங்கள், எண்ணக்கூடியபடி கட்டுங்கள்.

பாஸ் வெள்ளைச் சதை, முள் குறைவு, மிளகாய்த்தூள் பூசிப் பொரிக்க நல்லது. பைக்கில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். முதுகுப் பக்கச் சதைக்குள் இரட்டையாகப் பிரியும் முட்கள் ஒரு வரிசையாக இருக்கும், சாதாரணமாகச் சீவினால் அவை சதையோடேயே வரும். அதனால் "முள் மீன்" என்று எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். பைக்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவியுங்கள். ஆறியதும் சதை மடல் மடலாகக் கழன்றுவரும், முட்கள் விரலில் தட்டுப்படும். எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூளோடு பிசைந்து கட்லட் செய்யுங்கள். டின் மீன் கட்லட்டை விட எவ்வளவோ மேல். வழுவழுப்பு அதிகம் என்பதால் கழுவுமுன் கல்லுப்பும் வினிகரும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு 60 சென்ரிமீற்றர் அளவிலான பைக்கை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது நல்லது. பெரியவைதான் நிறைய முட்டையிடுபவை. வயது ஏற ஏற உடலில் பாதரசமும் சேரும். எந்த ஏரியின் எந்த மீனை, எந்த நீளம் வரை, மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாகாண அரசு ஏரிவாரியாக வழிகாட்டி வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கர்ப்பிணிகள், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு அதில் தனி அளவு போட்டிருக்கும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்த அளவைப் பார்த்துவிட்டே சமையுங்கள்.